வெளிநாட்டில் சைக்கிள் ஓட்ட வழிகாட்டும் கருவி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று ஹாலந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் அங்கே சைக்கிள் எடுத்து ஓட்டுவதும் சகஜமாகி வருகிறது. சர்க்கரைக்கு டாக்டர் சொன்னதால் ஓட்டுபவர் உண்டு. அறுபது தாண்டியும் ஆசை விடாதவர் உண்டு. நாங்கள் இரண்டிலும் சேர்த்தி. ஹேண்டில்பாரில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவியில் எதை வாங்கலாம் என்று இரண்டு மூன்று உறுப்பினர்கள் கேட்டார்கள். நாங்கள் பட்டதையும் அதன்பின் விசாரித்து அறிந்ததையும் எழுதுகிறோம்.

2023 அக்டோபரில் ஐண்ட்ஹோவன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், பதினோரு வயதுப் பேரனுடன் பெல்ஜிய எல்லையில் உள்ள ஆகல் என்ற பழைய கிறிஸ்தவ மடத்துக்குச் சைக்கிளில் கிளம்பினோம். போக வர நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கருவி நம் ஊரிலேயே ஒரு பெரிய கடையில் வாங்கியது. "உலகம் முழுக்க வேலை செய்யும் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். போகவேண்டிய வழியை மகன் அதில் ஏற்றியிருந்தான்.

போகும்போது தொந்தரவு இல்லை. திரும்பும்போது காட்டுக்குள் பாதையை அடைத்திருந்தார்கள். வேறு பாதையில் திரும்பியதும் கருவி "வழி தவறிவிட்டது" என்று கூவியதே தவிர, மாற்று வழி சொல்லவில்லை. திரையில் வெள்ளைப் பரப்பு. அதன் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே நாங்கள். தெரு இல்லை, ஊர் இல்லை. கைபேசியில் வழி பார்க்கலாம் என்றால், பேரன் போட்டோ எடுத்தே சார்ஜைத் தீர்த்திருந்தான். அந்த மாதத்தில் அங்கே ஏழு மணிக்குள் இருட்டிவிடும். பையனின் சைக்கிளில் விளக்கும் இல்லை. "தாத்தா, குளிருது" என்று அவன் சொன்னபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வாங்கி, நீங்கள் பூமியில் எந்தப் புள்ளியில் நிற்கிறீர்கள் என்று கருவி கணக்கிடுகிறது. இதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். உலகம் முழுக்க வேலை செய்யும் என்பது இந்த மட்டுக்கும் உண்மை. ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றி எந்தத் தெரு, எந்தப் பாலம் என்று சொல்வது வரைபடம். அது தனிச் சரக்கு. எங்கள் கருவியில் இருந்தது நம் பகுதி வரைபடம் மட்டுமே. மூட்டையைக் குத்தி உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் அரிசி வாங்காத நாங்கள், இதை அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டோம்.

எங்களைக் காப்பாற்றியது கருவி அல்ல, கம்பத்தில் இருந்த எண். ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 1990-களில் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனையில் தொடங்கிய முறை இது. சந்திப்பில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். ஊருக்குப் போகும் எண்களை வரிசையாக ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். பேரன் எண்களைச் சத்தமாகப் படித்தான். எட்டு மணிக்கு ஃபால்கன்ஸ்வார்ட் ஊரை அடைந்து மகனுக்குப் போன் செய்தோம். அவன் எங்களிடம் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆகவே கடையில் முதலில் கேட்கவேண்டியது விலை அல்ல. கருவியை ஆன் செய்யச் சொல்லி, நீங்கள் போகும் ஊரைத் திரையில் தேடுங்கள். தெருக்கள் தெரியவேண்டும். சில மாடல்களில் தெரு வரைபடமே கிடையாது, கோடு மட்டும்தான். 2018-ல் வந்த கார்மின் எட்ஜ் 130 அப்படிப்பட்டது. வேகமும் தூரமும் பார்க்க அது போதும், தெரியாத நாட்டுக்கு உதவாது. வேறு பகுதி வரைபடத்தை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். 2004-ல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து பல கருவிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்த கேள்வி, கைபேசித் துணையில்லாமல் மாற்று வழியைக் கருவி தானே கணக்கிடுமா என்பது. வரைபடம் காட்டும் எல்லாக் கருவியும் இதைச் செய்வதில்லை. விற்பவருக்கே பல சமயம் தெரியாது. வாங்கிய வாரமே உங்கள் ஊரில் ஒரு வழியை ஏற்றி, கைபேசியை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே தப்பான தெருவில் திரும்பிப் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் பெட்டியில் போட்ட மணிக்கணக்கை அப்படியே நம்பவேண்டாம். 2023-ல் வந்த எட்ஜ் 540-க்கு 26 மணி நேரம் வரை என்கிறார்கள்; வெளிச்சத்தைக் கூட்டி வழியும் பார்த்தால் குறையும். அந்த மாடலுக்குப் பட்டன் மட்டும், 840-க்குப் பட்டனும் தொடுதிரையும். மழையும் கையுறையும் உள்ள ஊரில் பட்டன்தான் நல்லது என்பது எங்கள் கட்சி.

ஊருக்குள் ஒரு மணி நேரம் சுற்றுபவர்கள் இதில் பணம் போடவே வேண்டாம். கைபேசியை ஹோல்டரில் மாட்டிக்கொண்டால் போதும். கையில் பிடித்து மட்டும் ஓட்டாதீர்கள். ஹாலந்தில் 2019 ஜூலை முதல் அதற்கு அபராதம்.

பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று முக்கியம்: வழிகாட்டும் கருவியோடு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளையும் வெளிநாட்டில் விற்கிறார்கள். சைக்கிள் கருவி சிக்னலை வாங்க மட்டும் செய்கிறது. அவை அனுப்பவும் செய்யும். அனுமதியில்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி இதற்காகவே பிடிபட்டார். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தாலும் அதை அங்கேயே விட்டு வாருங்கள்.