விதைக்குக் காசு வேண்டாம்: வாவிக்கரை வீட்டுத்தோட்டம் சொல்லும் பாடம்



சம்பளம் போடும் நாளில் கடைக்குப் போனால் அரிசி, மா, பருப்பு, சீனி என்று காசு கரைந்து போகிறது. பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கியபின் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் விதைப் பைக்கட்டு வாங்க யாருக்கு மனம் வரும்? இதனாலேயே லயத்துக்குப் பின்னால் கிடக்கும் நல்ல மண் சும்மா புல் முளைத்துக் கிடக்கிறது. "விதை இல்லை, உரம் இல்லை, அதனால தோட்டம் போடல்ல" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள்.

2021 ஆம் ஆண்டில் இரசாயன உரம் இறக்குமதி செய்வதை அரசாங்கம் திடீரென்று நிறுத்தியது. அந்த வருடம் நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். ஆனால் 2022 இல் வந்த பொருளாதார நெருக்கடியில் உரமும் விதையும் ஏழைக்கு எட்டாத விலைக்குப் போயின. அப்போது வீட்டில் விதை வைத்திருந்தவர்கள் கடையை எதிர்பார்க்காமல் கீரையும் காயும் போட்டார்கள். இல்லாதவர்கள் கடை விலையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தில் காசில்லாமல் விதையும் உரமும் தோட்டச் சாமானும் சேர்ப்பது எப்படி என்று பார்ப்போம். இதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் மட்டக்களப்பு வாவிக்கரை.

ஏன் மட்டக்களப்பு?

பேராதனையில் இருந்து வரும் ஏ-5 பெருந்தெரு நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகப் போய் மட்டக்களப்பு மாவட்டத்தில் செங்கலடியில் முடிகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் சிலர் மட்டக்களப்புப் பக்கமும் போய்க் குடியேறினார்கள். இன்றைக்கும் அங்கே சொந்தக்காரர் உள்ள வீடுகள் நம் தோட்டங்களில் உண்டு. கலியாணம், திருவிழா என்று போய்வருகிறோம். அப்படிப் போகும்போது அங்குள்ள வளவுகளைக் கவனித்துப் பாருங்கள்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள மணல் நிலத்தை எழுவான்கரை என்பார்கள். மேற்கே வயலும் மாடும் உள்ள பக்கம் படுவான்கரை. எழுவான்கரை மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. நம் மலை மண்ணைப் போல அதில் இயற்கையான சத்தும் கிடையாது. அந்த மண்ணிலும் கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், பூசணி, முருங்கை எல்லாம் விளைவிக்கிறார்கள். கையில் கிடைப்பதை வீணாக்காமல் சேர்த்து வைப்பதுதான் அதற்குக் காரணம்.

முதற் பாடம்: நல்ல காயை விட்டு வையுங்கள்

சும்மா கிடைக்கும் விதை, முன்கூட்டியே ஒதுக்கி வைத்தவருக்குத்தான் கிடைக்கும். நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? நல்ல காயையெல்லாம் கறிக்குப் பறித்துவிட்டு, கடைசியில் செடியில் மிஞ்சிய சூம்பிப்போன காயை விதைக்கு விடுகிறோம். சூம்பிய காயின் விதை சூம்பிய செடியைத்தான் தரும். விதை நெல்லைச் சமைத்துத் தின்ற கதைதான் இதுவும்.

நோய் இல்லாத, நன்றாகக் காய்க்கும் செடியைப் பாருங்கள். அதில் வரும் இரண்டாவது, மூன்றாவது காயை விதைக்கென்று விடுங்கள். காம்பில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டுங்கள். பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் "இது விதைக்காய், பறிக்க வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு காயைக் கறிக்கு எடுக்காமல் இருப்பது, கறி குறைவான வீட்டில் லேசான காரியம் இல்லை. ஆனால் முற்றிய ஒரு வெண்டிக்காயில் 40, 50 விதை இருக்கும். ஒரு பூசணியில் நூறு விதைக்கு மேல் கிடைக்கும். ஒரு வேளைக் கறியை விட்டால் அடுத்த போகத்துக்குத் தோட்டம் முழுவதற்கும் விதை வந்துவிடும்.

ஒரே செடியில் எல்லா விதையையும் எடுக்காமல் ஐந்தாறு செடிகளில் இருந்து எடுங்கள்.

எந்த விதை தாய்ச்செடி போல வரும்?

தக்காளி, போஞ்சி, பயிற்றை ஆகியவை தம் பூவிலேயே தாம் கருக்கட்டும். இவற்றின் விதை அநேகமாகத் தாய்ச்செடி போலவே வரும். புதிதாக விதை எடுப்பவர்கள் இவற்றில் தொடங்குங்கள். கத்தரியும் பெரும்பாலும் அப்படித்தான். மிளகாயில் கலப்பு வரலாம். ஆகவே உறைப்பு மிளகாயையும் கறிமிளகாயையும் தள்ளித் தள்ளி நடுங்கள்.

பூசணி வகை அப்படி இல்லை. தேனீ ஒரு பூவில் இருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகும். பக்கத்தில் வேறு பூசணி இருந்தால் விதை கலந்துவிடும். இதைத் தடுக்க விரும்பினால், மறுநாள் விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். அடியில் சின்னக் காய் போல இருப்பது பெண் பூ. காலையில் நூலை அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டுங்கள்.

கடையில் 'எப்-1' என்று போட்டு விற்கும் விதை கலப்பின விதை. அதில் வந்த காயின் விதையைப் போட்டால் முளைக்கும். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆகவே விதை எடுப்பதற்கு ஊர்விதையே நல்லது. கோவா, கரட், லீக்ஸ் போன்றவற்றுக்கு வீட்டில் விதை எடுப்பது கஷ்டம். காசு செலவழிப்பதானால் அவற்றுக்குச் செலவழியுங்கள்.

சமையலறையில் கிடைக்கும் விதை

கடையில் வாங்கிய வெண்டி, பயிற்றை, கத்தரி, புடோல் ஆகியவை பிஞ்சிலே பறித்தவை. அவற்றின் விதை முளைக்காது. பழுத்து வருபவற்றில் மட்டும் எடுங்கள். தக்காளி, முற்றிய பூசணி, பழுத்த பாகல், பப்பாசி ஆகியவை சரி. கொத்தமல்லி, கடுகு, வெந்தயம் ஆகியவற்றைக் கறிச்சரக்குப் பையில் இருந்தே கொஞ்சம் எடுத்து விதைத்துப் பார்க்கலாம். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போட வேண்டும்.

விதையே தேவைப்படாதவையும் பல. மரவள்ளித் தடி, வத்தாளைக் கொடி, பொன்னாங்காணித் தண்டு, வல்லாரை, ரம்பைக் கன்று, முருங்கைத் தடி, இஞ்சி, மஞ்சள் எல்லாவற்றையும் அயல்வீட்டில் கேட்டு வாங்கலாம். வெறும் கையோடு போகாமல் நம்மிடம் உள்ள ஒரு சௌசௌ முளையையோ மரத்தக்காளிக் கன்றையோ கொடுத்து வாங்கினால் அடுத்த முறையும் கேட்கலாம்.

மட்டக்களப்புச் சொந்தக்காரரிடம் விதை கேட்கும்போது நம் மலையின் உயரத்தை நினைவில் வையுங்கள். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களில் அவர்களின் வெண்டியும் பயிற்றையும் பூசணியும் நன்றாக வரும். நுவரெலியாக் குளிரில் வெண்டியும் புடோலும் வராது. அங்கே போஞ்சி, சௌசௌ, கீரை வகைகளே கைகொடுக்கும்.

காய வைப்பதும் காப்பாற்றுவதும்

தக்காளி விதையைச் சாறோடு ஒரு கோப்பையில் இரண்டு நாள் வைத்து, வழவழப்பு நீங்கக் கழுவிக் காய வையுங்கள். மற்ற விதைகளை நிழலிலும் காலை வெயிலிலும் காய விடுங்கள். மத்தியான வெயிலில் தகரத்தின் மேலே போட்டால் விதையின் உயிர் போய்விடும். பூசணி விதையை வளைத்தால் 'டக்' என்று உடைய வேண்டும். போஞ்சி விதையைக் கடித்தால் பல் பதியக்கூடாது. அதுதான் காய்ந்ததற்கு அடையாளம்.

மலைநாட்டில் விதைக்கு முதல் எதிரி ஈரம். அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடும் பழைய வழக்கம் சோளத்துக்கும் பயிற்றை நெற்றுக்கும் நல்லது. சின்ன விதைகளை மூடியுள்ள போத்தலில் போடுங்கள். ஒரு கைப்பிடி அரிசியை வறுத்து, ஆறியபின் துணியில் முடிந்து போத்தலுக்குள் வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பயறு வகைகளைச் சலித்த காய்ந்த சாம்பலோடு கலந்து வைத்தால் வண்டு குறையும். போத்தலில் விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். துணி காயக்கூடாது. ஒரு கிழமையில் எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து முளைத்தால் இரண்டு மடங்கு போடுங்கள். மூன்றுக்குக் குறைந்தால் நிலத்தைக் கொத்தி வேலையை வீணாக்க வேண்டாம்.

உரமும் சாமானும்

வாவிக்கரையில் தென்னை உரிமட்டையைக் குழியில் புதைத்து மணலில் ஈரம் நிற்க வைப்பார்கள். மீன் கழுவிய தண்ணீர் மரத்துக்குப் போகும். மீன் கழிவைப் புதைப்பார்கள். கிழிந்த மீன்வலை கோழி வராமல் வேலியாகும், பாகலுக்குப் பந்தலாகும். படுவான்கரையில் மாட்டுப் பட்டியின் எரு கிடைக்கும். வேலியில் நட்ட சீமைக்கிளுவையின் தழை பசளையாகும். 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் ஏற்றுக்கொண்டது இந்தச் சீமைக்கிளுவையைத்தான்.

நம்மிடம் மீன்வலை இல்லை. ஆனால் வேறு பல உண்டு. கவ்வாத்து மிலாறு எரித்த சாம்பல் அடுப்பில் இருக்கிறது. தேயிலை மண் புளிப்பு மண். மரக்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைக்கும், சாம்பல் சத்தும் தரும். ஆனால் ஒரு சதுர யார் நிலத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தேத்தண்ணிச் சக்கை, மரக்கறித் தோல், உலர்ந்த இலை, மாட்டெரு எல்லாவற்றையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மண்ணால் மூடினால் மூன்று நான்கு மாதத்தில் பசளை. கருவாட்டுத் தலையை உப்புப் போகக் கழுவிய பிறகே ஆழமாகப் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் நாயும் காட்டுப்பன்றியும் தோண்டும்.

கன்று வளர்க்க வாழைத்தடல், சிரட்டை, பால்மாப் பைக்கட்டு, யோகட் கப் போதும். அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம்.

சும்மா கிடைத்தாலும் தொடக்கூடாதவை

1. களைநாசினி, பூச்சிமருந்து வந்த கேன்கள். பத்து முறை கழுவினாலும் அவற்றில் தண்ணீர், விதை, கன்று எதையும் வைக்க வேண்டாம்.

2. சிவப்பு, பச்சைச் சாயம் பூசிய கடை விதை. அது மருந்திட்டது. மிச்சத்தைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

3. தோட்டத்து உரமும் தொழிற்சாலைக் கழிவுத் தூளும். கழிவுத் தேயிலைக்குத் தனிச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நிழல் மரத்துத் தழை வேண்டுமானால் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்குங்கள்.

4. ஆற்றுவாழை. வாவியின் நன்னீர்ப் பக்கங்களில் இது அடைந்து நின்று, கல்முனைக்குப் பக்கத்தில் கிட்டங்கிப் பாலத்தடியிலும் தொல்லை கொடுக்கிறது. இதைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கட்டளைச் சட்டம் வந்தது. வடிவான பூ என்று ஒரு செடியைக்கூட மலைக்குக் கொண்டுவர வேண்டாம். நம் ஓடைகளும் நீர்த்தேக்கங்களும் கெட்டுப்போகும்.

5. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு. பாத்தி போட இடம் வேண்டும் என்று மேட்டை வெட்டாதீர்கள். சரிவுக்குக் குறுக்காகவே பாத்தி போடுங்கள், கானை அடைக்காதீர்கள்.

விதை இரண்டு வீட்டில் இருக்கட்டும்

மட்டக்களப்பு மக்கள் 1978 நவம்பர் 23 சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்டவர்கள். சுனாமியில் கரையோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஏறியது. வீட்டோடு சேர்ந்து அடுக்களையில் இருந்த விதையும் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் வாவிக்கு மறுகரையில் உள்ள உறவினர் வீட்டில் அதே விதை இருந்தால் அதுதான் மறுபடி தொடங்குவதற்கு முதல்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் மலைநாட்டில் எத்தனை மண்சரிவு ஏற்பட்டது என்று நாமே அறிவோம். உலக நாடுகளும் இப்படித்தான் யோசிக்கின்றன. இலங்கையின் பயிர் விதைகளைப் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் குளிர் அறையில் வைத்துக் காக்கிறார்கள். நோர்வே நாட்டின் ஸ்வால்பாட் தீவுக்கூட்டத்தில் 2008 இல் ஒரு பெரிய விதைக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். ஒரு நாட்டில் விதை அழிந்தாலும் அங்கே வைத்த பிரதி மிஞ்சும் என்பதே நோக்கம். அரசாங்கங்களே ஓரிடத்தை மட்டும் நம்பாதபோது நாம் ஒரு போத்தலை மட்டும் நம்பலாமா?

ஆகவே விதை எடுத்தால் மூன்று பங்கு வையுங்கள். ஒரு பங்கு விதைப்பதற்கு. ஒரு பங்கு வீட்டில் இருப்புக்கு. ஒரு பங்கு அடுத்த லயத்து அக்காவுக்கோ மட்டக்களப்பில் உள்ள மாமாவுக்கோ. கொடுத்த விதை தொலைந்த விதை அல்ல. உங்கள் போத்தலில் பூஞ்சணம் பிடித்தால் திரும்ப வாங்குவதற்கு ஓர் இடம் இருக்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒரு செடியைத் தெரிந்தெடுத்து ஒரு காயில் சிவப்புத் துணி கட்டுங்கள். ஒரு போத்தலைக் கழுவிக் காய வையுங்கள். உங்களிடம் உள்ள விதைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாத ஆயாமார் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். பழைய ஊர்விதைகளின் பெயரும் குணமும் அவர்களுக்குத்தான் தெரியும். பூச்சி, நோய் பற்றிச் சந்தேகம் வந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அதற்கும் காசு கிடையாது.

லயத்துக்குப் பின்னால் உள்ள நிலம் பெரிதில்லை. பலருக்கு அது சொந்த நிலமும் இல்லை. ஆனால் அதில் விளைந்த காயின் விதை உங்களுடையது. நாளைக்கு வேறு வீட்டுக்குப் போனாலும் அந்தப் போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.