பழம்படகு புதுக்கல்

படகு பற்றிய கட்டுரையெனக் கண்டவுடன் பண்டைத் தமிழரின் கடல் வாணிகத்தை எதிர்பார்ப்போர் பலராவர். ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமையுடையதன்று. விளையாட்டின்பொருட்டு இயற்றப்பட்டுச் சில காலம் ஓடி, பின்னர்ப் புறக்கணிக்கப்பட்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்து உக்கிப்போன சிறு மோட்டர்ப் படகொன்றை ஒருவர் தம் ஓய்வுநேரத்திற் புதுக்குமாறு எங்ஙனம் என்பதே இதன் பொருள். நம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய படகொன்றை வாங்கித் தம் மகனுடன் சேர்ந்து புதுக்கிவருகின்றார். மகன் ஒவ்வோர் உறுப்பையுஞ் சுட்டி, இதற்குத் தமிழிற் பெயர் யாது என வினவுகின்றானென்றும், தமக்கு விடை தெரியவில்லையென்றும் அவர் எழுதியிருந்தார். வினா தமிழாசிரியனை நோக்கியது. விடையோ பெரும்பாலும் தச்சனிடமும் கடற்றொழிலாளனிடமும் உள்ளது. தொழிலை அறியாது சொல்லைமட்டுந் தேடுவோன் அகராதியைப் புரட்டிப் பிழைபட்ட பெயரையே கொடுப்பான். ஆதலின் முதலில் தொழிலை விளங்கிக்கொள்ள முயல்வோம்.

நீர்மேற் சறுக்குதல் என்னும் விளையாட்டு நூறாண்டு கண்டது. 1922ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்து லேக் சிற்றி என்னும் ஊரிலே, பெப்பின் ஏரியில், றால்ப் சாமுவெல்சன் என்னும் இளைஞர் படகின் பின்னே கயிற்றைப் பற்றி நின்றவாறே நீர்மேற் சென்றார். மறுநாளே அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. அவர் முதலிற் பீப்பாய்ப் பலகைகளைக் காலிற் கட்டிப் பார்த்தார், பயனில்லை. பனியிற் சறுக்கும் பலகைகளைக் கட்டினார், அவையும் உதவவில்லை. பின்னர் எட்டடி நீளமும் ஒன்பதங்குல அகலமுமுடைய இரு மரப்பலகைகளைக் கொண்டுவந்து, அவற்றின் நுனியைக் கொதிநீரில் வேகவைத்து மேனோக்கி வளைத்துக்கொண்டார். நுனி வளைந்த பின்னரே பலகை நீருள் மூழ்காது மேலெழுந்தது. தோணி கட்டுவோர் பலகையைச் சூடேற்றி வளைக்கும் முறையும் இதுவே.

இவ்விளையாட்டிற்கு உரிய படகு ஏனைய படகுகளினின்றும் வேறுபட்டது. சறுக்குவோன் இடமும் வலமுமாக வீசிச் செல்வான். கயிற்றைப் படகின் பின்னணியத்திற் கட்டினால் அவன் இழுக்குந்தோறும் படகின் வால் அப்பக்கம் திரும்பும். ஓட்டுவோன் நேராகச் செல்லல் அரிது. எனவே படகின் நடுவிலே ஒரு கம்பம் நாட்டிக் கயிறு அதிற் பிணிக்கப்படும். எஞ்சினும் நடுவிலேயே அமையும். பின்னே எழும் அலை தாழ்ந்து பரந்திருத்தல் வேண்டுமாதலின் அடிப்பாகமும் அதற்கேற்ப வகுக்கப்படும். தொடக்கத்தில் இவை மரத்தாலேயே செய்யப்பட்டன. லியோ பென்ற்ஸ் என்பார் கண்ணாடியிழையால் ஆக்கிய 'ஸ்கீ நோட்டிக்' என்னும் படகை, 1925இல் தோன்றிய புளோரிடாவின் கொறெக்ற் கிறாவ்ற் நிறுவனம் 1961இல் தனதாக்கிக் கட்டத் தொடங்கியது. இன்று ஓய்வுநேரத்திற் புதுக்குவோர் கையில் அகப்படுவன பெரும்பாலும் அறுபதுகள் முதல் எண்பதுகள் வரை கட்டப்பட்ட இவ்வினப் படகுகளே.

இனி உறுப்புக்களின் பெயர். படகின் முகப்பு அணியம். முன்னணியம் எனவுங் கூறுப. பிற்பகுதி பின்னணியம். அடியில் நீளவாக்கிற் செல்லும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா. ஏராவினின்று இருபுறமும் விலாவெலும்பென எழுவன வங்குகள். பலகைகளின் இணைப்பிலே பஞ்சு திணித்து நீர் புகாது அடைக்குந் தொழில் கலப்பற்று. இவை புதிதாகப் புனைந்தவையல்ல; கலங்கட்டுவோர் வாயில் வழங்கியவை. ஆயினும் கண்ணாடியிழைப் படகில் வங்குமில்லை, கலப்பற்றுமில்லை. தனியே ஏராமரமும் இல்லை. அடியே ஓடுபோல ஒன்றாய் வார்க்கப்பட்டது. அவ்வோட்டின் உட்புறத்தே அணியந்தொட்டுப் பின்னணியம்வரை ஒன்றுக்கொன்று இணையாக நீண்ட மரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் அமர்வதும் அவற்றின்மேலேயே. வீட்டுக்கு விட்டம்போல இவை படகிற்கு ஆதலின் நெடுவிட்டம் எனப் பெயரிட்டு அம்மாணவருக்கு எழுதினேம். இஃது எம் ஆக்கமே. இதனினுஞ் சிறந்த சொல் வழக்கில் உண்டெனின் அதுவே நிற்க.

இப்படகுகள் கெடுவது எங்ஙனமென்பதே இத்தொழிலின் உயிர்நிலை. கண்ணாடியிழை உக்காது என்பது உண்மை. அதனுள்ளே பொதிந்த மரம் உக்கும். பலர் மயங்குவது இவ்விடத்தேதான். வெளியே பளபளப்புக் குன்றாத படகு உள்ளே முழுவதும் மண்ணாகியிருத்தல் கூடும். நெடுவிட்டத்தின்மேல் இழையும் பிசினும் போர்த்தியிருப்பினும், தளத்தையும் இருக்கைகளையும் எஞ்சினையும் பொருத்தத் திருகாணி முடுக்கும்போது அப்போர்வையிலே துளைகள் விழுகின்றன. துளைவழி நீர் புகும். புகுந்த நீர் வெளியேற வழியில்லை. போர்வையே அதனைச் சிறைப்படுத்துகின்றது. தளத்தின் கீழ் மிதப்புக்காக அடைத்த நுரையும் ஆண்டுகள் செல்லச் செல்ல நீரை உறிஞ்சி மரத்தோடு ஈரத்தை ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதின் கீழ் நின்றால் உக்கலை விளைக்கும் பூஞ்சணம் தழைக்காது. அதற்கு மேற்பட்டு, காற்றுஞ் சிறிது கிடைத்து, வெதுவெதுப்பும் சேர்ந்தால் அது மரத்தைத் தின்றுவிடும். கடல்நீரினும் மழைநீரே இதற்குப் பெருந்துணை என்பது கற்போர் குறித்துக்கொள்ளத்தக்கது. உப்பு பூஞ்சணத்துக்கு ஆகாது. எனவே ஓடிக்கொண்டிருந்த படகினும், மூடாது முற்றத்தில் விடப்பட்ட படகே விரைந்து அழிகின்றது.

பலகையாற் கட்டிய பழம்படகின் நோய் இதற்கு மறுதலை. அது நீரைவிட்டு நெடுங்காலம் உலர்ந்தால் பலகை சுருங்கி இணைப்பு விரியும். நீரில் இறக்கியவுடன் ஒழுகும். சில நாளில் மரம் ஊறிப் பருத்துத் தானே அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு நஞ்சாவது மற்றொன்றுக்கு மருந்தாகின்றது. இரண்டையும் ஒரே முறையாற் புதுக்கப் புகுவோர் இரண்டையுங் கெடுப்பர்.

படகை வாங்குமுன் ஆராய்தற்கு மூன்று வழிகள் உள. முதலாவது செவி. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிவரின் நல்ல மரம் கணீரென்னும். உக்கிய மரம் பொத்தென்று ஒலிக்கும். மிருதங்கத்தின் வலந்தலையையும் இடந்தலையையும் பிரித்தறியும் மாணவனுக்கு இது கடினமன்று. இரண்டாவது துளையிடல். நெடுவிட்டத்தின் தாழ்ந்த இடங்களிலே சிறு துளையிட்டு வெளிவருந் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். வெளிறி உலர்ந்திருப்பின் நன்று. கறுத்துச் சேறுபோல வரின் தீது. சிலபொழுது துளைவழி நீரே ஒழுகும். மூன்றாவது நிறை. ஒரு கனவடி நீர் 62 இறாத்தலுக்குச் சற்று மேற்படும். நுரையிற் பத்துக் கனவடி நீர் தங்கினால், நாலு பெரிய ஆட்கள் எப்பொழுதும் ஏறியிருப்பதற்கு ஒப்பாம். விற்போர் இந்நிறையைச் சொல்லார், தராசு சொல்லும்.

புதுக்குங்கால் எல்லாவற்றையும் ஒருங்கே பெயர்த்தெறிதல் புதியோர் செய்யும் பெருந்தீங்கு. நெடுவிட்டமே ஓட்டின் வடிவத்தைத் தாங்குகின்றது. அதனை நீக்கியபின் ஓடு தொய்ந்து, தொய்ந்தபடியே புதிய மரம் ஒட்டப்படின், படகு பிறகு ஒருபோதும் நேராக ஓடாது. ஆதலின் அடியெங்கும் தாங்கிகள் கொடுத்து, மட்டம் பார்த்து, ஒன்றை நீக்கி ஒன்றை வைத்தபின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். பழைய மரம் எத்துணை உக்கியிருப்பினும் அதன் உயரம், சரிவு, ஆணித்துளையின் இடம் யாவும் அளந்து எழுதப்படல் வேண்டும். இழையை அராவும்போது எழும் தூள் கண்ணாடித் தூளாகும். நல்ல மூச்சுக்கவசமும் முழுக்கைச் சட்டையுமின்றி அதனை அணுகலாகாது. தம் மகனை அந்நாட்களில் தொழிற்கூடத்துள் அவர் விடவில்லை. அஃது சாலவும் நன்று.

ஒட்டும் பிசின்கள் இருவகை. பொலியெஸ்ரர் மலிவானது, படகு முதலிற் கட்டப்பட்டதும் அதனாலேயே. எப்பொக்சி விலையுயர்ந்தது, ஆயின் மரத்தையும் பழைய இழையையும் உறுதியாகப் பற்றுவது அதுவே. இரண்டிற்கும் கலக்கும் நெறி வேறு. பொலியெஸ்ரரிற் சேர்க்கும் மருந்து நூற்றுக்கு ஒன்றிரண்டே. அதனைச் சிறிது கூட்டிக் குறைத்து இறுகும் விரைவை மாற்றலாம். எப்பொக்சியில் அவ்வாறு செய்யலாகாது. ஐந்துக்கு ஒன்று என விதிக்கப்பட்டிருப்பின் ஐந்துக்கு ஒன்றே. விரைந்து இறுகட்டுமென்று மருந்தைக் கூட்டியவன் என்றும் இறுகாத பசையையே பெறுவான். கலந்த பிசினை ஆழ்ந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் தன் வெப்பத்தாற் புகைந்து கெடும். அகன்ற தட்டிற் பரப்பிக்கொள்ளல் வேண்டும். புதிய மரத்தைக் குழைத்த பிசினிலே அமர்த்தி, மூலைகளை வளைவாக நிரப்பி, இழைத்துணியை ஓட்டோடு சேர்த்துப் போர்த்தல் முறை. திருகாணி செல்லும் இடந்தோறும் முதலிற் பெருந்துளையிட்டுப் பிசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சிறுதுளையிடுக. இவ்வொரு செயலைப் பண்டைக் கட்டுநர் செய்திருப்பின் அப்படகு உக்கியிராது.

எஞ்சினைப்பற்றி விரிப்பிற் பெருகும். பனிக்காலத்தே நீரை வடித்துவிடாத எஞ்சின் வெடித்திருக்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்குமாதலின் வார்ப்பிரும்பு தாங்காது. எஞ்சினையும் சுழலச்சையும் இணைக்கும் முகங்களின் இடைவெளி எவ்விடத்தும் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கிற்கு மேல் வேறுபடலாகாது. நாம் எழுதுந் தாளின் கனத்தினும் அது குறைவு. நெடுவிட்டம் நெகிழ்ந்திருப்பின் இந்நுண்மை எங்ஙனம் நிற்கும்?

உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்றை மட்டும் அழுத்திக் கூறல் கடன். பெற்றோலின் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியிலே தங்கும். மோட்டர் வண்டியில் அது தரைக்கு இறங்கிக் கலைந்துபோம், படகிலே போக்கிடமில்லை. ஆகவே படகின் தொடக்கி முதலிய மின்கருவிகள் பொறி வெளிப்படாவாறு மூடிச் செய்யப்பட்டவை. வண்டிக்குரிய கருவியும் அவ்விடத்திற் பொருந்தும், விலையும் குறைவு. அதனால் அதனை வாங்கிப் பூட்டுவாரும் உளர். ஒரு பொறி போதும், படகு தீக்கிரையாதற்கு. எஞ்சினைத் தொடக்குமுன் நான்கு நிமிடமாவது காற்றோட்டியை இயக்கி, மூக்கால் மோந்து பார்த்தல் வேண்டுமென்பதும் இதுபற்றியே. மற்றைய இடங்களிற் சிக்கனம் செய்க, இவ்விடத்திற் செய்யற்க.

மரமெல்லாம் புதிது, தளம் புதிது, எஞ்சினிலும் பாதி புதிது; எனின் அஃது அப்பழைய படகோ, வேறொன்றோ? இவ்வினாவும் அவர் மகனதே. பழைமையான வினா. தீசியசு என்னும் வீரனின் முப்பது துடுப்புக் கப்பலை அதென்சு நகரத்தார் உக்கிய பலகை நீக்கிப் புதியது வைத்துக் காத்துவந்தனரென்றும், அது அதே கப்பலா என மெய்யியலார் வழக்கிட்டனரென்றும் புளூற்றாக் எழுதினார். நீக்கிய பழம்பலகைகளைக் கொண்டே மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பலென 1655இல் ஹொப்ஸ் மேலுஞ் சிக்கலாக்கினார். நமக்கு அணித்தாயதோர் எடுத்துக்காட்டு ஏட்டுச்சுவடி. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதியே நூல்கள் நம்மட்டும் வந்தன. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது ஓலை எதுவும் புலவர் கைபட்ட ஓலையன்று, நூலோ அதுவே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பதிப்பாசிரியன் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டு வெறிதே விடலாம், விடுதலே நேர்மை. படகு புதுக்குவோனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் இடைவெளி விட்டால் நீர் புகும். ஆதலின் எதனை மாற்றினான் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தலே அவனுக்கியன்ற நேர்மையெனக் கருதுகின்றேம். அக்குறிப்பேட்டைத் தமிழில் எழுதுமாறு அம்மாணவரை வேண்டியுள்ளேம்.

நீரில் இறக்கியபின் முதலிற் பார்க்கவேண்டியது அச்சு ஓட்டை ஊடுருவும் இடம். அங்கே கொழுப்பூட்டிய நூற்றிரி அடைத்து ஒரு மரையால் இறுக்கியிருப்பர். அச்சுச் சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளி நீர் ஒழுகல் வேண்டும். அதுவே அதனைக் குளிர்விப்பது. முற்றும் ஒழுகாதவாறு இறுக்கினால் அச்சுச் சூடேறித் தேயும். இணைப்பை நேர்படுத்துதலும் நீரில் நின்றபின் மறுபடி செய்யப்படல் வேண்டும். ஓடு நீரிற் சிறிது வடிவம் மாறும். அத்திரியடைத்த உறுப்பிற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் எம்மிடம் இல்லை. நம் கரையோர ஊர்களில் உள்ள எஞ்சின் வள்ளங்களிலும் இவ்வுறுப்பு உண்டு. வல்வெட்டித்துறை, மயிலிட்டி, பருத்தித்துறை முதலிய இடத்துப் பழைய மாணவருள் எவரேனும் அங்குள்ள தொழிலாளர் அதனை எப்பெயரால் அழைக்கின்றனரென அறிவராயின், கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக.