புகையிலைக் கட்டுப்பாடும் அறிவியல் ஆலோசனைக் குழுக்களும்

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அது கர்நாடக மாநிலம். சூளகிரி, கெலமங்கலம், தளி ஒன்றியங்களின் சிற்றூர்களிலிருந்து சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர் பலர். வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்போரும் பலர். இவர்களை நாடி எல்லை தாண்டி வரும் சரக்குகளுள் குட்காவும் ஒன்று. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள் என்பதை யாவரும் அறிவர். ஆனால், “இதைத் தடை செய்யச் சொன்னவர் யார்? எந்த ஆதாரத்தைக் கொண்டு?” என்று கிராம சபையில் ஒருவர் வினவினால், ஊராட்சி உறுப்பினர் தக்க விடை கூறுதல் வேண்டும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழுவின் பணி யாது?

பயிருக்கு எந்த உரத்தை எவ்வளவு இடுவது என்று அறிய உழவர் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். பரிசோதனைக் கூடம் மண்ணின் தன்மையை எடுத்துரைக்கும். உரமிடுவதா, வேண்டாவா என்று முடிவு செய்பவர் உழவரே. அரசுக்கு அறிவியல் ஆலோசனைக் குழுவும் அத்தகையதே. மருத்துவரும், நச்சியல் அறிஞரும், வேதியியல் அறிஞரும் கூடி ஒரு பொருளின் தீங்கை ஆராய்ந்து கருத்துரைப்பர். அக்கருத்தைச் சட்டமாக்குவது அரசின் பொறுப்பு. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், தனது 13-ஆம் பிரிவில் இத்தகைய குழுக்களை அமைக்க வகை செய்துள்ளது. பீடியும் சிகரெட்டும் இச்சட்டத்தில் அடங்கா. அவற்றிற்கு 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் உண்டு.

பரிந்துரை விதியான வரலாறு

குட்காவைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய உணவுத் தரக் குழு 1997-இலேயே பரிந்துரைத்தது. எனினும் அப்பரிந்துரை அப்போது விதியாகவில்லை. 2001 நவம்பரில் தமிழ்நாடு தானே முன்வந்து குட்காவைத் தடை செய்தது. 2004 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கோதாவத் வழக்கில், இவ்வாறு தடை விதிக்கும் அதிகாரம் அன்றைய சட்டப்படி மத்திய அரசுக்கே உரியது என்று கூறி மாநிலத் தடைகளைச் செல்லாதனவாக்கியது. குட்கா தீங்கற்றது என்று நீதிமன்றம் கூறவில்லை. தடை வந்த வழி சரியன்று என்றே கூறியது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை கலந்த வெற்றிலைப் பாக்கை மட்டுமன்றி, வெறும் கொட்டைப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் 2004-இல் சேர்த்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குட்காவின் உட்பொருள்களைப் பற்றி ஆய்வறிக்கை கேட்க, தேசிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் 2011 பிப்ரவரியில் அதனை அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, புகையிலையும் நிக்கோடினும் எந்த உணவுப் பொருளிலும் சேர்க்கப்படலாகாது என்றது. 1997-இன் பரிந்துரைக்கும் இவ்விதிக்கும் இடையே 14 ஆண்டுகள்! அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் வாயைத் திறக்கவும் இயலாத நோய்க்கு ஆளாயினர்.

மாறாக, மின்சிகரெட்டின் கதையை நோக்குக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதத்தில் அதற்கு முழுத் தடை பரிந்துரைத்தது. செப்டம்பரிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. அரசு விரைந்து செவிசாய்த்தால் நான்கு மாதங்கள் போதும்.

குழுவின் நடுநிலை

உரம் விற்பவரே மண்ணைப் பரிசோதித்துச் சொன்னால் அச்சொல்லை நம்பலாமா? உணவு ஆணையத்தின் குழுக்களில் தொழில் நிறுவனங்களைச் சார்ந்தோர் இடம்பெற்றிருந்தது குறித்து வழக்கு எழுந்தபோது, சட்டம் கேட்பது சார்பற்ற அறிஞர்களையே என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் வலியுறுத்தியது. அமெரிக்க நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த புகையிலை ஆலோசனைக் குழுவில் புகையிலை பயிரிடுவோருக்கும் உற்பத்தியாளருக்கும் இடமுண்டு. ஆனால் வாக்குரிமை இல்லை. கருத்தைக் கேட்பது வேறு, தீர்ப்பை அவர்களிடம் விடுவது வேறு.

எல்லைப்புற ஊராட்சிகளின் கடமை

தமிழ்நாட்டின் இன்றைய தடை 2013 மே மாதத்தில் தொடங்கியது. கர்நாடகமும் அம்மாதத்திலேயே குட்காவைத் தடை செய்தது. ஆயினும் பான் மசாலாவை ஓர் உறையிலும் புகையிலையை மற்றோர் உறையிலுமாக விற்று, வாங்குபவரையே கலந்து கொள்ளச் செய்யும் தந்திரம் பரவிற்று. தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடையை ஆண்டுதோறும் புதுப்பிப்பது சட்டம் தந்த அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடையை நீக்கியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எனவே ஒவ்வொரு வழக்கும் வலுவான சான்றுடன் நிற்க வேண்டியது இன்றியமையாததாகும்.

இங்குதான் ஊராட்சியின் உதவி தேவை. கடையில் பொட்டலங்களைக் கண்டதும் சினம் கொண்டு எரித்துவிடலாகாது. எரித்தால் சான்றும் சாம்பலாகும். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். அவர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பட்டு, ஒரு பகுதி அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். 14 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். வழக்கைத் தாங்கும் தூண் அவ்வறிக்கையே.

பள்ளிகளைச் சுற்றி 100 கஜத்திற்குள் எவ்வகைப் புகையிலைப் பொருளும் விற்கப்படலாகாது. 18 வயதிற்குட்பட்டோருக்கு எங்கும் விற்கலாகாது. பள்ளிச் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து அத்தூரத்தை நாடாவால் அளந்து, கோடிட்டுக் காட்டுதல் எந்த ஊராட்சிக்கும் எளிதே. எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நம்மிடையே நிறைந்துள்ளன. தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியும் வேண்டும்.

அறிஞர் ஆராய்ந்து உரைத்தனர். அரசு விதி செய்தது. அவ்விதி ஊரின் பெட்டிக்கடை வரை வந்து சேர்வது நம் கையில் உள்ளது. அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் இதனையும் ஒன்றாகச் சேர்ப்போமாக.