ஒரு செமஸ்டர் கொரியா: மொழியை எப்போது தொடங்குவது?

வெளிநாட்டுப் படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.டெக். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் சியோலில் ஒரு செமஸ்டர் படிக்கத் தேர்வாகியிருக்கிறேன். வரும் மார்ச்சில் கிளம்ப வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில்தான். கொரிய மொழியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே? (மாணவி, கோவை)

பதில்: வாழ்த்துகள். ஆனால் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் செமஸ்டர் ஜூன் நடுவில் முடிந்துவிடும். மொத்தம் 16 வாரங்கள்கூடத் தேறாது. முதல் இரண்டு வாரங்கள் விடுதி, பாடப் பதிவு, செல்போன், வங்கிக் கணக்கு என்று ஓடிவிடும். ஏப்ரல் பிற்பாதியில் மிட்டெர்ம், ஜூனில் இறுதித் தேர்வு. இதற்கு நடுவில் எழுத்துக்கூட்டத் தொடங்கினால், வாய் திறந்து பேச வரும் நேரத்தில் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் கையில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் மற்ற நாட்டு மாணவர்களோடு ஆங்கிலம், வெளியே போனால் செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலி. கொரியாவிலேயே இருந்துகொண்டு கொரிய மொழி இல்லாமல் ஒரு செமஸ்டரைக் கழித்துவிட முடியும். அப்படிக் கழித்தால் ஊரைப் பார்த்திருப்பீர்கள், மனிதர்களோடு பழகியிருக்க மாட்டீர்கள். கிளம்பும் முன்பே அடிப்படை இருந்தால், அந்த நாலு மாதமும் பேசிப் பழகுவதற்கே கிடைக்கும்.

கேள்வி: கொரிய மொழி தமிழ் மாதிரியே இருக்கிறது என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படியானால் நமக்குச் சுலபமா? எங்கிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பில் இருக்கும் ஒற்றுமை நமக்குப் பெரிய உதவி. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘சாப்பிட்டுப் பார்’, ‘எழுதிக் கொடு’ என்று நாம் இரண்டு வினைகளைச் சேர்ப்பதுபோலவே அவர்களும் சேர்க்கிறார்கள். எனவே மனதுக்குள் ஆங்கில வாக்கியம் அமைத்து அதைக் கொரியத்துக்கு மாற்றாதீர்கள். தமிழிலிருந்து நேரே போங்கள்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். மன்னர் சேஜோங் காலத்தில் 1443-இல் உருவாக்கப்பட்டு 1446-இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது ஹங்குல். அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே: மெய் 14, உயிர் 10. தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது பிறகு விடாது.

ஒலிகளில் சில நமக்கு எளிது. சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெலிந்தும் ஒலிக்கும் வல்லினம் நம்மிடமும் உண்டு. ‘காது’ என்பதன் இறுதியில் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமான உயிர் அவர்களிடமும் உண்டு. கடினமான இடம் வேறு. ஒரே ககரத்தைச் சாதாரணமாக, மூச்சைத் தள்ளி, தொண்டையை இறுக்கி என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். மூன்றுக்கும் பொருள் மாறும். இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. கேட்டு, கூடவே சொல்லி, பதிவு செய்து மறுபடி கேட்க வேண்டும்.

எண்களையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு வரிசை உண்டு. மணியைச் சொல்ல அவர்களுடைய சொந்த எண்கள், நிமிடத்துக்கும் பணத்துக்கும் சீன வழி வந்த எண்கள்.

சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையத்தில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன. வெளியூரில் இருப்பவர்கள் சேஜோங் நிறுவனத்தின் இலவச இணைய வகுப்புகளில் சேரலாம்.

கேள்வி: இப்போது புசானில் எக்ஸ்சேஞ்ச் மாணவனாக இருக்கிறேன். வகுப்பில் சொல்லித்தரும் கொரியம் புரிகிறது. வெளியே யாராவது பேசினால் வாயடைத்துப் போகிறேன். மரியாதைக் குறைவாகப் பேசிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. (மாணவர், புசான்)

பதில்: முதலில் ஆறுதல். வகுப்பில் கற்பது சியோலின் பொது வழக்கு. புசான் பேச்சின் ஏற்ற இறக்கமே வேறு. காது பழகச் சில வாரங்கள் ஆகும்.

மரியாதை பற்றிய உங்கள் பயம் நல்ல பயம். அதற்கான அடிப்படையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரிடம் ‘நீ’, யாரிடம் ‘நீங்கள்’ என்று யோசித்தே வளர்ந்தவர் நீங்கள். ‘யோ’ என்று முடியும் பேச்சு அன்றாடத்துக்குப் போதும். மேடையில் பேசும்போதும் நேர்காணலிலும் ‘ம்னிதா’ என்று முடியும் நடை. ‘பன்மல்’ என்ற உரிமைப் பேச்சை நீங்களாகத் தொடங்காதீர்கள். மூத்தவர் அப்படிப் பேசினாலும் நீங்கள் ‘யோ’விலேயே பதில் சொல்லுங்கள். பெரியவர்களை ‘நீங்கள்’ என்று சுட்டி அழைப்பதையும் அங்கே தவிர்ப்பார்கள். பேராசிரியரைக் ‘கியோசுனிம்’, ஆசிரியரைச் ‘சொன்செங்னிம்’ என்று பதவியால் அழைப்பார்கள். சாப்பாட்டுக் கடை அம்மாவைச் சின்னம்மா முறை வைத்து ‘இமோ’ என்று கூப்பிடுவதும் உண்டு. நம் ஊரில் கடைக்கார அக்காவை அழைப்பதுபோலத்தான்.

பேச்சு வளர இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ‘தோங்ஆரி’ எனப்படும் மாணவர் மன்றம் ஒன்றில் சேருங்கள். செமஸ்டர் தொடக்கத்தில்தான் ஆள் சேர்ப்பார்கள். மொழிப் பரிமாற்ற மன்றத்தைவிட மலையேற்றம், இசை, கால்பந்து போன்றவை நல்லது. அங்கே வேலையே கொரியத்தில்தான் நடக்கும். இரண்டு, ஒரே காய்கறிக் கடைக்கும் ஒரே உணவுக் கடைக்கும் தொடர்ந்து போங்கள். தெரிந்த முகம் உங்கள் தடுமாற்றத்துக்குக் காத்திருக்கும். அந்தப் பொறுமை புதிய இடத்தில் கிடைக்காது.

கேள்வி: மகள் அடுத்த செமஸ்டருக்குக் கொரியா போகிறாள். விசா, மருத்துவம், பகுதிநேர வேலை பற்றிச் சொல்லுங்கள். (பெற்றோர், திருச்சி)

பதில்: எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கான விசா டி-2-6. நீண்ட காலம் தங்கும் இந்திய மாணவர்களிடம் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். அதை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். அங்கே இறங்கிய 90 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து அட்டை வாங்க வேண்டும். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதற்கான மாதத் தொகையைச் செலவுக் கணக்கில் சேருங்கள். குடிவரவுத் துறையின் அனுமதி வாங்காமல் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பகுதிநேர வருமானத்தை நம்பி அனுப்பாதீர்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைச் சொந்தக் கல்லூரிக்கே கட்டுவார்கள். விடுதி, உணவு, விமான டிக்கெட் உங்கள் பொறுப்பு. அங்கே படிக்கும் பாடங்களுக்கு இங்கே கிரெடிட் கிடைக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கொரிய மொழி வகுப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கிரெடிட் இல்லாத மொழி வகுப்பைத்தான் தேர்வு நேரத்தில் மாணவர்கள் முதலில் விடுகிறார்கள்.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் முடிந்து திரும்பிவிட்டேன். கொரியாவிலேயே மேற்படிப்பு படிக்க ஆசை. அடுத்து என்ன செய்ய? (மாணவி, சென்னை)

பதில்: கொரிய மொழித் திறனுக்கான டோபிக் தேர்வு எழுதுங்கள். முதல் தாளில் 1, 2 நிலைகள், இரண்டாம் தாளில் 3 முதல் 6 வரை. முதல் தாள் 200 மதிப்பெண்ணுக்கு. 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் தாளில் 300-க்கு 120 எடுத்தால் மூன்றாம் நிலை. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதனால் விண்ணப்பிக்கும் மாதத்தைக் கணக்கிட்டுத் தேர்வு எழுதுங்கள்.

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சி உண்டு. அதன் முடிவில் மூன்றாம் நிலை பெற்றாக வேண்டும். ஐந்தாம் நிலை ஏற்கெனவே இருந்தால் அந்த ஓராண்டு தேவையில்லை, நேரே பட்டப்படிப்பில் சேரலாம். சொந்தச் செலவில் மொழி மட்டும் படிக்க, 1959 முதல் நடக்கும் யோன்செ பல்கலைக்கழக மொழி நிலையம் போன்றவை இருக்கின்றன. பேச்சுக்கு முதலிடம் தருவது சோகாங். பெரும்பாலும் ஒரு நிலைக்குப் பத்து வாரம், 200 மணி நேரம்.

அதுவரை கற்றதை விட்டுவிடாதீர்கள். அங்கே பழகிய நண்பர் ஒருவரோடு வாரம் ஒரு முறையாவது போனில் கொரியத்திலேயே பேசுங்கள். நான்கு மாதம் உழைத்து வாங்கிய பேச்சு, பேசாமல் விட்டால் அதைவிட வேகமாகப் போய்விடும்.