நம்பிக்கைகளும் உண்மைகளும்: சிப்காட் சாலையில் ஓடிய சேதிகள்

கொரோனா காலத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, சிப்காட் தொழிற்பேட்டைகளின் சாலையில், சேதிகள் கம்பெனி பஸ்ஸில்தான் பயணம் செய்தன. ஷிப்டு முடிந்து ஏறுகிறவர் ஒன்றைச் சொல்வார்; கேட்டவர் தன் ஸ்டாப்பில் இறங்கி அதைத் தெருவுக்குக் கொண்டுபோவார். மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. அப்படிப் பரவியவற்றில் சிலவற்றை இன்றைக்கும் உண்மையென்றே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“வடநாட்டுப் பசங்கதான் நோயைக் கொண்டுவந்தாங்க” என்பது அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. அவர் ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். சென்னையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். மே மாதத் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாகத் தொற்றைப் பரப்பிய பெரிய கொத்து கோயம்பேடு சந்தையில் உருவானது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியிலுள்ள திருமழிசைக்கு மாற்றினார்கள். இந்த இரண்டிலும் ஒடிசா, பிகார் தொழிலாளருக்குப் பங்கில்லை. ஒரே அறையில் ஐந்தாறு பேர் முடங்கிக் கிடந்த அவர்களுக்குத்தான் தொற்றும் அபாயம் அதிகம். அவர்களைப் பார்த்து ஒதுங்கிப்போனது அநியாயம்.

“கேட்டுல டெம்பரேச்சர் பாத்துட்டுத்தானே உள்ள விடுறாங்க, அப்புறம் என்ன பயம்?” இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செக்யூரிட்டி நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி தோலின் சூட்டை அளக்கும், அவ்வளவுதான். இந்த நோயோ அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றக்கூடியது. காய்ச்சலே வராமல் தொற்றோடு நடமாடியவர்களும் உண்டு. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் கருவியில் காய்ச்சல் தெரியாது. நடந்துபோகிறவர் மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கத்தின் கதையும் இதேதான். 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் அதை வைத்தபோது நாடே அதைப் பார்த்து அதேபோல் வைக்கத் தொடங்கியது. அதே மாதத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறை அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. மனிதர் மேல் மருந்து தெளிப்பது கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் சொன்னது. உடலுக்குள் போய்விட்ட வைரஸைச் சட்டை மேல் தெளிக்கிற தண்ணீர் ஒன்றும் செய்யாது. கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

கேட்டைத் தாண்டியும் நோய் போனது. 2020 மே கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, தொழிலாளருக்குத் தொற்று உறுதியானதால் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த நாட்களில் முழு ஊரடங்கிலும் கார் ஆலைகள் ஓட அனுமதி இருந்தது. அடுத்தடுத்து நகரும் கார்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வேலை செய்ய முடியவில்லை என்று ஒரகடம் ரெனோ–நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதிகளைக் கடைப்பிடிப்பதாக நிர்வாகம் சொன்னது. மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று சங்கம் அறிவிக்க, ஆலை சில நாள் மூடப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலும் தொழிலாளர் உள்ளிருப்புக்குப் பின் உற்பத்தி நின்றது. “வேலை செய்யச் சோம்பல்பட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க” என்று அப்போது பேசியவர்கள், உயர் நீதிமன்றமே லைனை அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை கேட்கத் தெம்பாக இருந்தது: “ஆக்சிஜன் நம்ம ஊர்லயே தயாராகுது, நமக்குத் தட்டுப்பாடு வராது.” முதல் பாதி உண்மை. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் காற்றை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர வைத்து ஆக்சிஜனைத் திரவமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் அந்த டேங்கர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை 2021 ஏப்ரலில் மத்திய அரசின் ஒதுக்கீடுதான் முடிவுசெய்தது. இங்கிருந்து 80 டன்னை ஆந்திரம், தெலங்கானாவுக்கு ஒதுக்கியதை ரத்துசெய்யக் கேட்டு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆட்சி மாறிய பின், மே மாதத்தில்தான் தமிழ்நாட்டின் ஒதுக்கீடு 220 டன்னிலிருந்து 419 டன்னாக உயர்ந்தது.

எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவிய சேதி 2021 டிசம்பரில் வந்தது. ஒமைக்ரான் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்த அதே வாரம். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. எட்டுப் பேர் செத்துவிட்டார்கள் என்று போனுக்குப் போன் சேதி பாய்ந்தது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிய விடிய, மறுநாளும் எழுந்திருக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் ஆர்த்தி, இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை வீடியோ காலில் அழைத்து, உயிரோடு இருப்பதைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

யாரும் சாகவில்லை. அந்தச் சேதி பொய். ஆனால் அதை வைத்துக்கொண்டு “வதந்தியை நம்பித்தான் ரோட்டுக்கு வந்தாங்க” என்று முடித்துவிடுவது அதைவிடப் பெரிய தப்பு. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஹாஸ்டல் சமையலறையில் எலிகளையும் சரியான வடிகால் இல்லாததையும் கண்டு அதை மூடினார்கள். தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பல பெண்கள் ஒரே அறையில் தரையில் படுத்தார்கள் என்ற செய்தி உலகம் முழுவதும் போனது. கொரோனாவுக்காக இடைவெளி விடச் சொன்ன காலம் அது. போராட்டத்தால் மூடப்பட்ட, 17,000 பேர் வேலை செய்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. சக தொழிலாளி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கே ஒருவர் வந்து பதில் சொல்லியிருந்தால் நெடுஞ்சாலை வரை வந்திருக்க வேண்டியதில்லை.

“அதுக்கப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு” என்பதும் பாதிதான் சரி. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய்ச் செலவு. 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர் என்று 18,720 பெண்கள் தங்கலாம். இது பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரகடத்திலும் படப்பையிலும் வாடகை அறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு, ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அவரைத் தனியாகப் படுக்கவைக்க இன்னோர் அறை இன்றும் கிடையாது.