குறைந்த செலவில் காற்று வடிகட்டி
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

பருகும் நீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். நொடிதோறும் உள்ளிழுக்கும் காற்றை மட்டும் வந்தபடியே ஏற்றுக்கொள்கிறோம். மரப்பட்டறை, பஞ்சாலை, அரிசி ஆலை போன்ற இடங்களில் உழைப்போருக்கு இதனால் விளையும் தீங்கு பெரிது.

என் தந்தையார் தச்சர். வீட்டை ஒட்டியே பட்டறை. உப்புத்தாள் தேய்க்கும் நாட்களில் இரவு முழுதும் இருமுவார். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியது. விலையுயர்ந்த கருவியை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நானே ஒரு வடிகட்டியைச் செய்தேன். அதன் தத்துவத்தையும் செய்முறையையும் இங்கே காண்போம்.

தூசியின் அளவு

இழைப்புளி தள்ளும் சீவல் தரையில் விழுந்துவிடும். அது நுரையீரலுக்குள் போவதில்லை. மிதக்கும் நுண்தூசியே பகை. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்லும்.

வடிகட்டி சல்லடை அன்று

மாவைச் சல்லடை சலிப்பது போலவே வடிகட்டியும் வேலை செய்கிறது என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. இழைகளின் இடைவெளி பெரும்பாலும் தூசியைவிடப் பெரியது. காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது, பெரிய துகள் நிலைமத்தால் வளைய இயலாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரத் துகள் இழையை உரசிச் செல்கையில் பிடிபடுகிறது. மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகளால் இடிபட்டுத் தள்ளாடி இழையைத் தொடுகிறது. இது நாம் படித்த பிரௌனியன் இயக்கமே. இம்மூன்றுக்கும் எளிதில் சிக்காதவை 0.3 மைக்ரான் அளவை ஒட்டிய துகள்கள்.

அந்த அளவிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பது 'ஹெப்பா' வடிகட்டி. 'மெர்வ் 13' தர வடிகட்டி 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ளவற்றில் குறைந்தது பாதியையும், 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ளவற்றில் 85 விழுக்காட்டையும் பிடிக்கும். பின், ஏன் மெர்வ் 13? ஹெப்பாவின் தடையை எதிர்த்துச் சாதாரண விசிறியால் காற்றை இழுக்க முடியாது. காட்டாக, நிமிடத்திற்கு 50 கன அடிக் காற்றை முழுமையாகத் தூய்மை செய்வதைவிட, 200 கன அடியைப் பாதியளவு தூய்மை செய்வது இரு மடங்கு பயன் தரும். தப்பிய துகள் அடுத்த சுற்றில் அகப்படும்.

செய்முறை

நான்கு வடிகட்டிகளைப் பெட்டியாக நிறுத்தி விசிறி பொருத்தும் யோசனையை, கொரோனாக் காலமான 2020-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசந்தாலும் பரப்பினர். அதை நம்மூர் விசிறிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன்.

ஓரடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள நான்கு மடிப்பு வடிகட்டிகளைச் சதுரக் கூண்டாக நிறுத்த வேண்டும். சட்டத்தில் அச்சிட்ட அம்புக்குறி உட்புறம் நோக்கி இருக்கட்டும். அடியில் ப்ளைவுட் பலகை. மேலே வட்டத் துளையிட்ட பலகை. துளையில் 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறியைக் காற்று மேல்நோக்கி வெளியேறும்படி பொருத்தி, அதன்மேல் கம்பி வலை மூட வேண்டும். எல்லா இடுக்குகளையும் அகலமான டேப்பால் அடைப்பது இன்றியமையாதது. காற்று எளிய வழியையே தேடும். விசிறி பழையது, பலகை பட்டறையிலேயே கிடைத்தது. வாங்கியவை வடிகட்டிகளும் டேப்பும்தான்.

விசிறியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர அடி. நான்கு வடிகட்டிகளின் முகப்பரப்பு 8 சதுர அடி. பரப்பு பத்து மடங்காவதால் காற்றின் வேகம் குறைந்து தடையும் குறைகிறது. பெட்டி வடிவத்தின் சிறப்பு இதுவே.

சோதனை

ஜான் டிண்டால் 1870-இல் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் காற்றின் தூசியை அவையோருக்குக் காட்டி, பஞ்சினூடே வடித்த காற்றில் அது மறைவதையும் விளக்கினார். நானும் அறையை இருட்டாக்கி டார்ச் ஒளியைப் பாய்ச்சினேன். கருவி ஓடுமுன் ஒளிப்பாதை முழுதும் துகள்கள் மின்னின. அரைமணி ஓடியபின் பெரிதும் குறைந்தன. மிக நுண்ணியவை கண்ணுக்குத் தெரியா என்பதால் இதை முழு அளவீடாகக் கொள்ளலாகாது.

எச்சரிக்கைகள்

இது வார்னிஷ், தின்னர் ஆவிகளையோ கார்பன் மோனாக்சைடையோ நீக்காது; அவற்றுக்குச் சன்னலும் புகைபோக்கியுமே துணை. தின்னர் தெளிக்கும் இடத்தில் மோட்டாரை ஓட்டவே கூடாது. மரத்தூள் எளிதில் தீப்பற்றும். மோட்டாரில் படியவிடாமல் துடைக்க வேண்டும். வடிகட்டிகளைக் கழுவாமல், கறுத்ததும் முகக்கவசம் அணிந்து மாற்ற வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் எப்போதும் தேவை. தூசி எழுந்தவுடன் முதலில் இழுக்கப்படுவது மூக்கினுள்தான்.

நண்பர்களே, நம்மில் பலர் நெசவாளர், தச்சர், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் கற்கும் நிலைமமும் பிரௌனியன் இயக்கமும் தேர்வுத் தாளோடு நின்றுவிட வேண்டியவை அல்ல. நம்மைப் படிக்க வைப்பவர்களின் மூச்சைக் காக்கவும் அவை உதவும்.