தொலைவை உரைக்கும் விளக்குகள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் செல்லும் பெருஞ்சாலையில் இரவில் நின்று நோக்கினால், அருகிலுள்ள விளக்கு பளிச்சென்றும் தொலைவிலுள்ளது மங்கியும் தோன்றும். விளக்குகள் யாவும் ஒரே ஆற்றலுடையன என அறிந்தோமாயின், மங்கலைக் கொண்டே தொலைவைக் கணித்துவிடலாம். இருமடங்கு தொலைவிலிருந்து நான்கில் ஒரு பங்கு ஒளியே நம்மை வந்தடையும். பேரண்டத்தை அளக்க முனைந்த வானியலார் தேடியதும் இத்தகைய விளக்குகளையே.

அவற்றை 'ஒன்று-ஏ' வகைச் சூப்பர்நோவாக்களில் கண்டனர். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் வெண்குறுமீன் எனப்படும். அது துணைமீனின் பொருளைக் கவர்ந்து பெருத்து, ஒரு வரம்பை நெருங்குகையில் வெடித்துச் சிதறுகிறது என்பர். வரம்பு ஒன்றாதலின் ஒளியும் ஏறத்தாழ ஒன்றே. கதிரவனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையான அவ்வரம்புக்குப் பெயர் தந்தவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே அக்கணக்கைத் தொடங்கினார். எடிங்டன் போன்ற பேரறிஞரே அதனை எள்ளினார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது!

1006-இல் தோன்றிய பேரொளி மீனைத் தம் மாணவப் பருவத்தில் கண்டு, அப்போது கோள்கள் நின்ற நிலைகளோடு குறித்து வைத்தவர் எகிப்திய மருத்துவ அறிஞர் அலீ இப்னு ரிள்வான். அதுவும் இவ்வகையினதே என்பது இன்றைய கருத்து.

ஒரு விண்மீன் மண்டலத்தில் இவ்வெடிப்பு சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையே நிகழும். ஆகவே ஆயிரக்கணக்கான மண்டலங்களை ஒருசேரப் படமெடுத்து, மூன்று வாரம் கழித்து அதே வானத்தை மீண்டும் படமெடுப்பர். கணிப்பொறி முதற்படத்தை இரண்டாவதிலிருந்து கழிக்க, புதிதாய் முளைத்த ஒளிப்புள்ளி மட்டும் எஞ்சும். அதன் மங்கல் தொலைவைக் கூறும். ஒளி சிவப்பு நோக்கி நகர்ந்த அளவோ, அவ்வொளி புறப்பட்டபின் பேரண்டம் எத்துணை விரிந்தது என்பதைக் கூறும்.

ஈர்ப்பினால் விரிவு தளர்ந்து வரும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். 1998-இல் இரு குழுவினர் கண்டதோ வேறு: தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கியிருந்தன, விரிவு விரைவு பெற்று வருகிறது! பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் இதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எனினும் விளக்குகள் முற்றிலும் ஒரே சீரானவையல்ல. மெல்ல மங்குபவை சற்றே மிகுதியாக ஒளிர்கின்றன; அதனைத் திருத்தியே அளக்கின்றனர். விரிவை விரைவுபடுத்தும் 'கரும் ஆற்றல்' காலத்தோடு மாறுகிறதோ என்னும் ஐயம் 2024 முதல் வலுத்திருப்பதால், அத்திருத்தங்களே மீண்டும் ஆராயப்படுகின்றன. இதற்கு அருகிலுள்ள வெடிப்புகளை நாள்தோறும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மின்னொளி சூழ்ந்த நம் தாம்பரத்து வானில் அது இயலாது. லடாக்கில், ஹான்லே மலையில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கி அப்பணியில் பங்கு கொள்கிறது. அதற்கு இமாலயச் சந்திரா என்று பெயர். நம் சந்திரசேகரின் பெயரே அது.